முற்றத்தில் எதை நடுவது? நெய்யாற்றின்கரை எல்லையூர்களின் பூச்செடிகள் குறித்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

தமிழ் மரபு பூக்களை அவை மலரும் இடம் நோக்கி நான்காகப் பகுத்தது: கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ. கோடு என்பது கிளை. கிளையில் மலர்வன முதல் வகை. பற்றிப் படரும் கொடியில் மலர்வன இரண்டாவது. தரையையொட்டிய சிறு செடிகளில் மலர்வன மூன்றாவது. குளத்திலும் சுனையிலும் மலர்வன நான்காவது. புதர்ச்செடி, படர்கொடி, பல்லாண்டுச் செடி என்று இன்றைய நர்சரிக்காரர்கள் பிரித்து விற்பதற்கும் இப்பகுப்புக்கும் பெரிய தூரம் இல்லை.

வெள்ளறடை, ஆறாட்டுக்குழி, பனச்சமூடு, பாறசாலை வட்டாரத்தில் ரப்பர் மரங்களுக்கு இடையே புதுவீடுகள் எழுந்தவண்ணம் இருக்கின்றன. வீடு முடிந்ததும் முற்றத்தில் எந்தப் பூச்செடிகளை வைக்கலாம் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. செம்மண், வெட்டுக்கல், இரண்டு பருவமழை, மாசி பங்குனியில் கடும் வெயில் என்று நிலத்தைச் சொல்லி விடையும் சொல்லிவிடலாம். ஆயினும் இக்கேள்வியைக் கேட்கும்போதெல்லாம், கேட்பவரின் பாட்டனாருக்கு இப்படிக் கேட்கும் வாய்ப்பு இருந்ததா என்ற எண்ணமே எனக்கு முதலில் எழுகிறது. தம் வீட்டு முற்றத்தில் தாம் விரும்பிய பூச்செடியைத் தேர்ந்து நடுவது இவ்வூர்களில் மிகப் பலருக்கு இரண்டு தலைமுறைகளுக்கு உட்பட்ட உரிமை.

ஓராண்டுச் செடிக்கும் பல்லாண்டுச் செடிக்கும் உள்ள வேறுபாட்டைத் தாவரவியல் நூல்கள் விளக்கும். அதில் நிலவுரிமையின் கதையும் கலந்திருக்கிறது. செண்டுப்பூ விதை தூவினால் இரண்டு மாதத்தில் பூத்துவிடும். பூத்தபின் நிலத்தைவிட்டுப் போகச் சொன்னாலும் இழப்பு பெரிதில்லை. பவளமல்லியோ பிச்சிப்பந்தலோ அப்படியன்று. அடுத்த ஆடியிலும் இதே மண்ணில் குடியிருப்போம் என்ற உறுதி உள்ளவரே அவற்றை நடுவார். இப்பகுதி ஊர்ப்பெயர்களைப் பாருங்கள்: பனச்சமூடு, கடையாலுமூடு, புளியமூடு. மூடு என்றால் மரத்தின் அடி. தலைமுறைகள் தாண்டி நிற்கும் மரத்தின் அடியே ஊருக்கு அடையாளமாயிற்று. பூவின் பெயர் கொண்ட ஊராக எனக்கு உடனே நினைவுக்கு வருவது நெய்யாறு கடலில் சேரும் பூவாறு. ஆற்றில் பூக்கள் மிதந்து வரக் கண்டு மார்த்தாண்ட வர்மா இட்ட பெயர் அது என்பது செவிவழிக் கதை. அங்கும் பூ ஒழுகிப் போகிறது. ஓரிடத்தில் நட்டு வளர்த்ததாகக் கதை சொல்லவில்லை.

பழைய தமிழகத்தில் பூந்தோட்டம் என்றால் முதலில் கோயில் நந்தவனம். கல்வெட்டுகள் திருநந்தவனம் என்று அதைக் குறிக்கின்றன. இறைவனுக்குச் சாத்தும் மாலை திருப்பள்ளித்தாமம் எனப்பட்டது. நந்தவனம் அமைக்க நிலம் விட்டதும், அதில் உழைப்பவர்க்கு நெல்லும் நிலமும் ஒதுக்கியதும் சோழ பாண்டிய நாட்டுக் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் செய்திகள். ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனப் பணி செய்த பெரியாழ்வாரின் கதையும், அவர் துளசி வனத்தில் ஆண்டாளைக் கண்டெடுத்த கதையும் யாவரும் அறிந்தவை. அத்தோட்டங்களில் எதை நடுவது என்பது நடுபவரின் விருப்பமாக இருக்கவில்லை. எந்தத் தெய்வத்துக்கு எந்தப் பூ, எது விலக்கு என்பதை வழிபாட்டு முறை முடிவு செய்தது.

பல்லவர் செப்பேடுகளில் இன்னும் கூர்மையான ஒரு சான்று உண்டு. அரசுக்குச் செலுத்த வேண்டியவற்றுள் குவளைக்காணம், செங்கொடிக்காணம் என்ற பெயர்கள் அவற்றில் வருகின்றன. குவளை நடுவதற்கும் செங்கொடி நடுவதற்கும் தனியே காணம் கட்ட வேண்டியிருந்தது. தானம் பெற்ற ஊர்களுக்கு அதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. ஒரு பூவைக் குளத்தில் நட அரசின் இசைவு வேண்டியிருந்த காலம் அது. இன்று பனச்சமூட்டுச் சந்தையில் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று வாங்கி, சேறு நிரப்பி, ஓர் ஆம்பல் கிழங்கைப் புதைத்துவிடலாம். எவரும் கேட்கப்போவதில்லை.

திருவிதாங்கூருக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கே ஒரு மனிதர் எதை உடுக்கலாம், எதை அணியலாம், எத்தகைய வீடு கட்டலாம் என்பதெல்லாம் சாதியால் வரையறுக்கப்பட்டிருந்தன. நாடார் முதலிய சாதியினர் பொன்னணி பூணவும், குடை பிடிக்கவும், செருப்பணியவும், மாடி கட்டவும் தடை இருந்தது. பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகத் தென் திருவிதாங்கூரில் பல்லாண்டுகள் நீண்ட போராட்டம் நடந்தது. 1859 ஜூலையில் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் அரசாணை அவ்வுரிமையை வழங்கியது. அதுவும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு. அதே மன்னரின் ஆட்சியில், அதே 1859ஆம் ஆண்டில்தான், திருவனந்தபுரத்தில் பொதுமக்களுக்கான பூங்காவும் விலங்குக் காட்சிச்சாலையும் அமைந்தன. 1857இல் திறந்த அருங்காட்சியகத்துக்கு மட்டும் மக்கள் போதிய அளவில் வரவில்லை என்பதால் அவை சேர்க்கப்பட்டன என்பர். இவ்விரண்டு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வழக்கம் நம் வரலாற்று நூல்களில் இல்லை. அழகுக்காகவே செடி வளர்க்கும் தோட்டம் ஒன்றைக் குடிமக்கள் சுற்றிப் பார்க்கலாம் என்று அரசு சொன்ன அதே ஆண்டில், குடிமக்களில் ஒரு பெரும்பகுதியினர் தம் உடலை எப்படி மூடலாம் என்பதற்கு அரசாணை தேவைப்பட்டிருக்கிறது.

நிலம் இதைவிட மெதுவாக நகர்ந்தது. 1855இல் அடிமைமுறை ஒழிந்தது. 1865இன் பண்டாரப்பாட்ட விளம்பரம் அரசு நிலத்துக் குத்தகையாளர்க்கு அந்நிலத்தில் நிலையான உரிமை தந்தது. திருவிதாங்கூர் உழவரின் விடுதலைப் பத்திரம் என்று அதைப் புகழ்வார்கள். அதில் நியாயம் உண்டு. அந்த நிலத்தில் கூலிக்கு உழைத்துக் குடிசையில் வாழ்ந்தவர்க்கோ அதனால் ஒரு முழம் மண்ணும் கிடைக்கவில்லை. குத்தகை முறைகளிலும் வெளியேற்றப்படுபவருக்கு ஈடு கணக்கிடும்போது எண்ணப்பட்டவை தென்னை, கமுகு, பலா, மிளகு போன்ற பயன்தரு தாவரங்கள். நந்தியாவட்டைக்கு எவர் ஈடு தருவார்?

நெய்யாற்றின்கரை தாலுகாவின் வெங்ஙானூரில் 1863இல் பிறந்த அய்யன்காளி, ஸ்ரீமூலம் பிரஜாசபைக்கு நியமிக்கப்பட்டபின் 1912இல் அங்கே எழுப்பிய முதற்கோரிக்கைகளுள் ஒன்று, புலயருக்கு வீடு கட்டிக் குடியிருக்கப் புதுவல் நிலம் வேண்டும் என்பது. கல்விக்காக அவர் நடத்திய போராட்டங்களையே நாம் பெரிதும் பேசுகிறோம். குடியிருக்கும் மண்ணுக்காக அவர் பேசியதைப் பூந்தோட்டத்தின் வரலாற்றிலும் ஒரு முதற்பக்கமாகவே நான் வாசிக்கிறேன். ஆலய நுழைவு விளம்பரம் வந்தது 1936 நவம்பர் 12இல். அதற்கு முன் இவ்வூர்களில் பலர் பறித்த பூ எந்தச் சன்னிதிக்குப் போனாலும், பறித்தவர் உள்ளே போக முடியாது.

1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கு இருபுறமும் குடிசை நிலத்தின் உரிமை ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தது என்பது கவனிக்கத்தக்கது. கேரளத்தில் 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தத் திருத்தச் சட்டம், பிறர் நிலத்தில் குடிசை கட்டி வாழ்ந்த குடிகிடப்புக்காரர்கள் பஞ்சாயத்துப் பகுதிகளில் 10 சென்ட் வரை, நகராட்சியில் 5 சென்ட், பெருநகரத்தில் 3 சென்ட் விலைக்கு வாங்கிக்கொள்ள வழி செய்தது. தமிழகத்தில் 1971இன் குடியிருப்பு உரிமைச் சட்டம் இதே பணியைச் செய்தது. பத்து சென்ட் என்பது 4,356 சதுர அடி. வீடு, கிணறு, நாலு தென்னை, ஒரு பலா, ஆட்டுக்கொட்டில் போக முன்னால் ஒரு துண்டு முற்றம் எஞ்சும். எல்லையூர்களின் பூந்தோட்டம் பிறந்தது அந்தத் துண்டில்.

அங்கே என்ன நட்டார்கள்? வேலியோரத்தில் செம்பரத்தி, தெற்றி, நந்தியாவட்டம், அரளி. மதிலில் பிச்சி, முல்லை, சங்குபுஷ்பம். படியோரத்தில் அந்திமந்தாரை, கல்வாழை, நித்தியகல்யாணி. வாங்கிய செடிகள் குறைவு. அடுத்த வீட்டிலிருந்து ஒடித்து வந்த கம்புகளும் கிழங்குகளுமே மிகுதி. இப்பெயர்களில் பெரும்பாலானவை முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஓர் ஆவணத்தில் இருக்கின்றன. கொச்சியில் டச்சுக் கும்பினியின் தலைவராயிருந்த ஹென்றிக் வான் ரீடு தொகுப்பித்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட தாவரங்கள் படத்துடன் விவரிக்கப்பட்டுள்ளன. சேர்த்தலைக்கு அருகே கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட செய்திகள் அதில் மிகுதி. 1675 ஏப்ரல் 20 அன்று அவர் தந்த சான்றுரை கோலெழுத்தில் அமைந்தது. தென் திருவிதாங்கூர்க் கல்வெட்டுகளை வாசிப்பவர்க்கு நன்கு பழகிய வட்டெழுத்தின் நெருங்கிய உறவு அது. செம்பரத்தி, செத்தி, நந்தியார்வட்டம், வெண்ணொச்சி, கருநொச்சி, அரளி, சங்குபுஷ்பம், அந்திமலரி, மேந்தோன்னி எல்லாம் அந்நூலில் டச்சுக்காரர் காதில் விழுந்தபடி உரோமன் எழுத்தில் பதிவாகியிருக்கின்றன. சுவீடன் அறிஞர் லின்னேயஸ் 1753இல் தாவரங்களுக்கு இருசொற் பெயரிட்டபோது அந்நூலை அருகில் வைத்துக்கொண்டார். தெற்றியின் பேரினத்துக்கு அவர் இட்ட இக்ஸோரா என்ற பெயர், ஈஸ்வரன் என்ற சொல்லைப் போர்த்துக்கீசியர் எழுதிய வடிவத்திலிருந்து வந்தது.

தெற்றியிலேயே சற்று நிற்கலாம். வெள்ளறடைப் பக்கம் தெற்றி. வடக்கே போகப்போகச் செத்தி, தெச்சி. தமிழ்நாட்டு நகரங்களில் இதை இட்லிப்பூ என்பார்கள். குழந்தைகள் இட்ட பெயராக இருக்கலாம், அழகாகவும் இருக்கிறது. ஆனால் பழைய பெயர் வெட்சி. தமிழ்ப் புறத்திணையில் ஆநிரை கவரச் செல்வோர் சூடும் பூ அது. வெட்சி என்ற சொல் தமிழ்நாட்டுத் தெருவில் மறைந்துவிட, அதன் உறவுச் சொற்கள் மலையாள வாயில் உயிரோடிருக்கின்றன. பத்தாம் வகுப்புவரை மலையாளத்தில் படித்த எல்லையூர்ப் பிள்ளை தெற்றி என்கிறபோது, திணை இலக்கணத்துக்கு அது நாகர்கோவில் பிள்ளையைவிட ஒரு படி அருகில் நிற்கிறது. மொழியுரிமை பற்றிப் பேசும் நண்பர்கள் இதைக் கேட்டு வருந்த வேண்டியதில்லை.

நொச்சியும் தும்பையும் இப்படியே. நொச்சி, மதில் காத்து நிற்கும் வீரர் சூடும் பூ. இன்றும் அது வேலிச்செடிதான். ஆடு தின்னாது, கம்பு நட்டால் பிழைக்கும், இலையைக் கொதிக்கவைத்து ஆவி பிடிக்கலாம். மதிலுக்கு உரிய பூவை வேலிக்கு வைக்கும் நம் வழக்கத்தில் பழைய நினைவு ஏதேனும் உண்டா என்று கேட்டால் உண்டு என்று சொல்ல ஆசைதான். ஆட்டின் மறுப்பே போதிய காரணம் என்று அறிவு சொல்கிறது. தும்பையோ இரு படைகளும் நேர்நின்று பொரும் போரின் பூ. அதே தும்பை கேரளத்தில் ஓணப் பூக்களத்தின் தலைப்பூ. ஒரே சிறு வெள்ளைப்பூ ஒரு மரபில் போருக்கும் இன்னொரு மரபில் மாவேலியின் வரவேற்புக்கும் உரியதாயிற்று. வெயில் விரும்பும் தும்பைக்கு ரப்பர் நிழல் ஒத்துவராது. அதனால் இன்று ஓணக் களத்தை நிரப்புவது பெரும்பாலும் தோவாளைச் சந்தையிலிருந்து வரும் செண்டுப்பூவும் வாடாமல்லியும். அண்மையில் நம் பூவை நாமே விளைவிப்போம் என்று குடும்பஸ்ரீப் பெண்கள் வயல்களில் செண்டுப்பூ பயிரிடத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களின் உழைப்பு பாராட்டுக்குரியது. பூ மட்டும் மெக்சிகோவிலிருந்து வந்தது.

இதைச் சொன்னதும் அயல்செடிகளை விலக்கி நம் செடிகளை மட்டும் நடலாமா என்று கேட்பவர் உண்டு. அக்கோடு அவ்வளவு நேராக ஓடவில்லை. செம்பருத்தி தானாக வளரும் காடு எங்கும் கண்டறியப்படவில்லை. மனிதர் கைவழியே உலகம் சுற்றிய செடி அது. அந்திமந்தாரையும் கல்வாழையும் அமெரிக்கக் கண்டத்தவை. ஆனால் ரீடின் நூலிலேயே அவை நம் பெயர் பெற்றுவிட்டன. முந்நூறு ஆண்டு குடியிருப்புக்குமேல் அவற்றை அயல் என்பது முறையன்று. காகிதப்பூ பின்னால் வந்தது. பூகன்வில்லின் உலகப் பயணத்தில் உடன்சென்ற கொம்மெர்சோன் 1767இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் அதைச் சேகரித்தார். அவருக்கு உதவியாளராக ஆண்வேடத்தில் கப்பலேறிய ழான் பாரே என்ற பெண்ணுக்கு அதில் எவ்வளவு பங்கு என்பதை இப்போதுதான் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். தென்னமெரிக்காவின் மஞ்சள் அலமாண்டாவுக்கு எல்லையூர்களில் கோளாம்பி என்று பெயர். எச்சிற்பாத்திரத்தின் வாய் போல விரிந்த பூ. வேறு எந்த மொழி இவ்வளவு துணிவாகப் பெயரிட்டிருக்கும்!

எனவே எப்போது வந்தது என்று கேட்பதைவிட, வந்தபின் என்ன செய்தது என்று கேட்பது நல்லது. உண்ணிச்செடி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் அழகுச்செடியாக நடப்பட்டது. பின்னர் மேற்குத்தொடர்ச்சி மலைக் காடுகளின் அடியை அடைத்துக்கொண்டது. சிங்கப்பூர் டெய்சி என்று விற்கப்படும் மஞ்சள் தரைப்படர்வும் அதே வழியில் போகிறது. தோட்டத்தில் பார்க்கக் கம்பளம் போலிருக்கும். ஒரு துண்டு தண்டு ஓடையில் விழுந்தால் கரை முழுவதும் அதுதான். வெள்ளறடைக்கு மேலே அகஸ்தியமலைக் காடு தொடங்குகிறது என்பதால் இவ்விரண்டையும் முற்றத்தில் வைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. காகிதப்பூவும் கோளாம்பியும் இருக்கட்டும்.

அரளியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். வறட்சி தாங்கும், ஆண்டு முழுதும் பூக்கும், ஆடும் மாடும் தொடாது. தோவாளையின் மாணிக்கமாலை செவ்வரளி, வெள்ளரளிப் பூக்களை நொச்சியிலையோடு மடித்துக் கட்டுவது. மணிகள் கோத்ததுபோல் தட்டையாக விழும் அந்த மாலை 2025இல் புவிசார் குறியீடு பெற்றது. மறுபுறம், அரளியின் நஞ்சு பற்றிய விவாதம் எழுந்ததைத் தொடர்ந்து, 2024 மே மாதத்தில் திருவிதாங்கூர் தேவசம் போர்டு நிவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளியைத் தவிர்த்துத் துளசியையும் தெச்சியையும் பயன்படுத்த முடிவு செய்தது. பூசைக்கு அரளி விலக்கப்படவில்லை. உண்பதோடு சேரக்கூடாது என்பதே முடிவு. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. அரளியின் இலை, பூ, தண்டு, பால் அனைத்திலும் இதயத்துடிப்பைக் குலைக்கும் நஞ்சு உண்டு. தவழும் பிள்ளையுள்ள வீட்டில் முற்றத்துக்கு அது வேண்டாம். சாலையோர மதிலுக்கு வெளியே இருக்கலாம். முற்றத்துக்குள் தெற்றியும் நந்தியாவட்டமும் போதும். இரண்டும் கம்பில் வளரும். கவாத்து செய்யச் செய்யக் கிளைக்கும்.

கொடிகளில் இப்பகுதியின் பெருமை பிச்சி. மாலையில் விரியத் தொடங்கும் மெல்லிய இதழ், அடிப்புறத்தில் இளஞ்சிவப்பு. தமிழகத்தின் பிற பகுதிகளில் சாதிமல்லி என்பதை நாஞ்சில் நாட்டிலும் மலையாளத்திலும் பிச்சி என்பர். தோவாளையில் இரவெல்லாம் வண்டியேறித் திருவனந்தபுரம் போவது இந்த மணம். முற்றத்தில் வைப்பவர்கள் செய்யத் தவறுவது கவாத்து. மார்கழியில் துணிந்து வெட்டிவிட வேண்டும், புதுத்தளிரில்தான் பூ. முல்லைக்கும் தை மாதத்தில் இதுவே மருத்துவம். சங்குபுஷ்பத்துக்கு எந்தக் கவனிப்பும் வேண்டாம். அவரைக் குடும்பமாதலால் மண்ணுக்கு உரமும் சேர்க்கும்.

நிலப்பூக்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மடகாஸ்கரிலிருந்து வந்த நித்தியகல்யாணிக்குத் தமிழில் சுடுகாட்டு மல்லி என்றும், மலையாளத்தில் சவம்நாறி, சவக்கோட்டைப்பச்சை என்றும் பெயர்கள். நீர் ஊற்றாமலே கல்லறையிலும் தழைப்பதால் வந்த பெயர்கள் அவை. அதனால்தான் சிலர் அதை வீட்டுமுன் வைக்க அஞ்சுவர். 1958இல் கனடாவின் மேற்கு ஒன்ராறியோ பல்கலைக்கழகத்தில் நோபிளும் பீரும் அதன் இலையிலிருந்து வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தனர். நீரிழிவுக்கு மருந்து தேடப்போய்க் கிடைத்தது அது. அதன் உடன்பிறப்பான வின்கிரிஸ்டின் குழந்தைகளின் இரத்தப்புற்றுக்கு இன்றும் அடிப்படை மருந்து. எல்லைக்கு இருபுறத்திலிருந்தும் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு விடியற்காலைப் பேருந்தில் போகும் குடும்பங்கள் உண்டு. சவத்தின் பெயர் சுமந்த இந்தச் செடியைப் படியோரத்தில் வைக்க இனியும் தயங்கக்கூடாது.

இறுதியாக, முற்றத்தின் ஓரத்தில் ஒரு முழம் இடம் காந்தளுக்கு ஒதுக்குங்கள். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களில் முதலாவது அது. தமிழ்நாட்டின் மாநில மலர். ஈழத்தமிழர் கார்த்திகையில் தம் மாவீரரை நினைத்து ஏந்தும் பூ. பேச்சுத்தமிழில் கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்று கிழங்கின் பெயராகவே மிஞ்சியிருக்கிறது. நிகண்டுகள் காந்தளுக்குத் தோன்றி என்றும் பெயர் சொல்லும். தமிழர் வாயில் மறைந்த அச்சொல் மேந்தோன்னி என்று மலையாளத்தில் நிலைத்திருக்கிறது. வெட்சிக்கு நேர்ந்ததே இதற்கும்.

காந்தள் கோடையில் முற்றிலும் மறைந்துவிடும்; செத்துவிட்டது என்று கிளறி எறிந்துவிட வேண்டாம். கலப்பை போல் வளைந்த கிழங்கை இடவப்பாதி மழைக்கு முன் நாலு விரல் ஆழத்தில், முளைக்கும் முனை ஒடியாமல், கிடைவாக்கில் வைக்கவும். நீர் தேங்கினால் அழுகும். வெட்டுக்கல் சரிவு ஏற்றது. இலைநுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு பிடிக்கும் என்பதால் பக்கத்தில் நொச்சியோ தெற்றியோ இருந்தால் பந்தல் தேவையில்லை. கிழங்கும் விதையும் கொல்லும் நஞ்சு. நட்டபின் கையைக் கழுவிக்கொள்ள வேண்டும், வீட்டுப் பிள்ளைகளுக்கு அதன் பெயரைச் சொல்லும்போதே இதையும் சொல்லிவைக்க வேண்டும்.